தொண்ணூற்றைந்து என்றால் நூறு அல்ல

சென்ற கோடை விடுமுறையில் என் அக்கா மகன் கும்மிடிப்பூண்டிக்கு வந்திருந்தான். பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்த களிப்பு. அவனுடைய சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பொறியையும் கையோடு எடுத்து வந்திருந்தான். ஒரு நாள் பிற்பகல், தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். கூடத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

"பொய்! இந்த மிஷின் பொய் சொல்லுது மாமா!"

எழுந்து போய்ப் பார்த்தேன். தொலைக்காட்சித் திரையில் ஒரு போர்வீரன் நிற்கிறான். அவனுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், வேற்றுக்கோளிலிருந்து வந்த பகைவன். சுட்டால் குறி தப்பாமல் படுவதற்கான வாய்ப்பு 95 விழுக்காடு என்று திரையே சொல்லியிருக்கிறது. பையன் பொத்தானை அழுத்தினான்; குறி தவறிவிட்டது. அடுத்த முறை பகைவனுடையது. வீரன் மாண்டான். அந்த வீரனுக்குப் பையன் தன் உயிர்த்தோழனின் பெயரை வைத்திருந்தானாம்!

திண்ணையில் பக்கத்து வீட்டு அம்மாளோடு தாயம் ஆடிக்கொண்டிருந்த என் தாயார் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு எட்டு தடவையா தாயம் விழல. நான் என்ன கட்டையைத் தூக்கியா எறிஞ்சேன்?"

மாணவ நண்பர்களே! பேரனின் கோபத்துக்கும் பாட்டியின் பொறுமைக்கும் இடையில் ஓர் அறிவியல் பாடம் ஒளிந்திருக்கிறது. அதோடு, விளையாட்டுகளை மதிப்பிடுகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பது பற்றி எனக்கு ஒரு கருத்தும் உண்டு. இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன்.

அது என்ன விளையாட்டு?

ஆடுபுலி ஆட்டம் உங்களுக்குத் தெரியும். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஒருவர் ஒரு காயை நகர்த்துகிறார். மற்றவர் யோசித்து அடுத்த காயை நகர்த்துகிறார். அங்கே அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது. தோற்றால் தோற்றவரின் தவறு. சதுரங்கமும் அப்படித்தான்.

தாயம் வேறு வகை. கட்டையில் என்ன விழுகிறது என்பது நம் கையில் இல்லை. விழுந்ததை வைத்து எந்தக் காயை நகர்த்துவது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்தால் என்ன கிடைக்கும்? அதுதான் என் மருமகன் ஆடிய விளையாட்டு. பெயர் 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்'. அமெரிக்காவின் ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கி 2012 அக்டோபரில் வெளிவந்தது. ஜூலியன் கோலப் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்து 1994-இல் கணிப்பொறிக்கு வந்த ஒரு விளையாட்டின் மறுபிறப்பு இது. நாம் நம் வீரர்களை ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும். பிறகு பகைவன் நகர்த்துவான். இதுவரை ஆடுபுலி. சுடும்போது மட்டும் கணிப்பொறி தன் 'கட்டையை' உருட்டிப் பார்க்கும். அங்கே தாயம்!

விமர்சகர்கள் சொன்னது

இந்த விளையாட்டுக்குக் கிடைத்த வரவேற்பு கவனிக்கத்தக்கது. இதே பெயரில் துப்பாக்கியால் சரமாரியாகச் சுடும் விளையாட்டு ஒன்று வரப்போவதாக 2010-இல் அறிவிப்பு வந்திருந்தது. நிதானமாக யோசித்து முறை வைத்து ஆடும் விளையாட்டுகளின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணியிருந்த நேரம் அது. அதிலும், கணிப்பொறியின் சுட்டெலியை நம்பிப் பிறந்த ஒரு விளையாட்டைத் தொலைக்காட்சி முன் அமர்ந்து கைப்பிடிப் பொத்தான்களால் ஆட முடியுமா என்ற ஐயமும் இருந்தது.

முறை வைத்து ஆடும் எக்ஸ்காம் வந்ததும் ஐயம் தீர்ந்தது. விமர்சகர்கள் அள்ளி வழங்கிய மதிப்பெண்களின் சராசரி நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி நின்றது. மாண்ட வீரன் மீண்டு வராததால் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கனம் ஏற்படுகிறது என்று பாராட்டினார்கள். கைப்பிடியால் ஆடுவது எளிதாக அமைந்திருப்பதை மெச்சினார்கள். பல மாடிக் கட்டடங்களுக்குள் காட்சிக் கோணம் தடுமாறுவதையும், ஆங்காங்கே தென்பட்ட பிழைகளையும் குறையாகச் சொன்னார்கள்.

ஆட்டக்காரர்களிடையே மட்டும் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. "95 என்று காட்டிவிட்டுத் தவறுகிறதே, இது என்ன நியாயம்?" நாளடைவில் அது கேலிப் படங்களாகவும் பழமொழி போலவும் பரவிற்று. என் மருமகனின் கூச்சல் உலகெங்கும் எத்தனையோ வீடுகளில் எழுந்த கூச்சல்தான்.

அவன் இன்னொரு 'சான்றும்' காட்டினான். சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கி, அதே வீரனால் அதே பகைவனைச் சுட்டான். மறுபடியும் தவறியது! "பாத்தீங்களா மாமா, முன்னாலேயே முடிவு பண்ணி வச்சிருக்கு!"

இதில் சூழ்ச்சி ஏதும் இல்லை. கணிப்பொறி உண்மையில் கட்டை உருட்டுவதில்லை. ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டு, ஒழுங்கற்றவை போலத் தோன்றும் எண்களை வரிசையாக உண்டாக்குகிறது. இவற்றைப் போலிச் சமவாய்ப்பு எண்கள் எனலாம். இந்த விளையாட்டில் ஆட்டத்தைச் சேமிக்கும்போது அந்தத் தொடக்க எண்ணும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. ஆகவே அதே செயலைத் திரும்பச் செய்தால் அதே விளைவுதான் வரும். தோற்றவர்கள் திரும்பத் திரும்ப உருட்டி வெற்றியைத் திருடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

பாட்டியின் கணக்கு

சரி, 95 தவறியது நியாயமா? பாட்டியின் பித்தளைக் கட்டைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் 4 × 4 = 16 வகையில் விழலாம். தாயம் விழ, ஒரு கட்டையில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் வர வேண்டும். அதற்கு இரண்டே வழிகள். ஆக, தாயத்தின் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8.

"எட்டில் ஒன்று என்றால், எட்டு முறை உருட்டினால் ஒரு முறை கட்டாயம் விழ வேண்டுமே?" என்று கேட்கத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு முறை தாயம் விழாமல் போக வாய்ப்பு 7/8. எட்டு முறையும் விழாமல் போக 7/8-ஐ எட்டுத் தடவை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.34. நூறு பேர் எட்டெட்டு முறை உருட்டினால், சுமார் 34 பேர் ஒரு தாயம்கூடக் காணாமல் எழுந்திருப்பார்கள்! என் தாயார் பொறுமையாக இருந்ததில் நியாயம் இருந்தது.

இனி 95-க்கு வருவோம். ஒரு களத்தில் இப்படிப்பட்ட குறிகளை இருபது முறை வைக்க நேர்கிறது என்று கொள்வோம். இருபதும் பட வேண்டுமானால் 0.95-ஐ இருபது தடவை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.36. அதாவது, இருபதில் ஒன்றாவது தவறுவதற்கே வாய்ப்பு அதிகம்: 64 விழுக்காடு. பட்ட பத்தொன்பதை நாம் மறந்துவிடுகிறோம். நண்பனின் பெயர் கொண்ட வீரனைக் கொன்ற அந்த ஒன்று மட்டும் நெஞ்சில் தைத்து நிற்கிறது. தவறு பொறியில் இல்லை; நம் நினைவின் கணக்கில் இருக்கிறது.

மறைவாகக் காட்டும் சலுகை

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பொறி உண்மையிலேயே பொய் சொல்லும் இடங்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொய் நமக்கு எதிராக அல்ல, நமக்குச் சாதகமாகச் சொல்லப்படுகிறது!

எக்ஸ்காமின் எளிய நிலைகளில் ஆட்டக்காரருக்குத் தெரியாமல் ஓர் உதவி நடக்கிறது. நம் குறிகள் அடுத்தடுத்துத் தவறினால், அடுத்த குறி படும் வாய்ப்பு உள்ளுக்குள் கூட்டப்படுகிறது. திரையில் தெரியும் எண் மட்டும் பழையபடியே நிற்கிறது. 2016-இல் வந்த எக்ஸ்காம் இரண்டாம் பாகத்திலும் இதே ஏற்பாடு. மிகக் கடினமான நிலையில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

ஜப்பானின் புகழ் பெற்ற 'ஃபயர் எம்ப்ளம்' வரிசை இன்னும் நயமாக இதைச் செய்கிறது. 1990-இல் தொடங்கிய இவ்வரிசையில், 2002-ஆம் ஆண்டுப் பாகத்திலிருந்து பல பாகங்களில் கையாளப்பட்ட முறை இது. 0 முதல் 99 வரையுள்ள எண்களில் ஒன்றை எடுப்பதற்குப் பதிலாக இரண்டை எடுத்து, அவற்றின் சராசரியைக் காண்கிறார்கள். சராசரி, திரையில் காட்டிய எண்ணைவிடக் குறைந்திருந்தால் அடி படும்.

இதனால் என்ன மாறுகிறது? மறுபடியும் தாயக்கட்டையை நினையுங்கள். இரண்டு கட்டைகளின் புள்ளிகளைக் கூட்டினால் 3 வருவதற்கு நான்கு வழிகள். 6 வருவதற்கு ஒரே வழி. இரண்டைச் சேர்த்தால் நடு எண்கள் மலியும், ஓர எண்கள் அருகும். சராசரியும் அப்படியே. திரையில் 90 என்று காட்டினால், மொத்தம் 10,000 இணைகளில் 190 மட்டுமே தவறச் செய்யும். ஆக உண்மை வாய்ப்பு 98.1 விழுக்காடு! 10 என்று காட்டினால் உண்மையில் 2.1 விழுக்காடுதான். நம் வீரர்களுக்குப் பெரும்பாலும் உயர்ந்த எண்ணும் பகைவர்க்குத் தாழ்ந்த எண்ணும் கிடைப்பதால், இந்தத் திரிபு நம் பக்கமே சாய்கிறது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தை நிறுவியோரில் ஒருவரான சிட் மையர், 2010-இல் அமெரிக்காவில் விளையாட்டு வடிவமைப்பாளர்களின் மாநாட்டில் இதை விளக்கினார். 2008-இல் வந்த 'சிவிலைசேஷன் ரெவல்யூஷன்' விளையாட்டைச் சோதித்தவர்கள், வலிமை மூன்றுக்கு ஒன்று என்றிருக்கும் போரில் தோற்றால் குமுறினார்களாம். நான்கில் ஒரு முறை தோற்பதுதான் கணக்கு என்றாலும் அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் ஒன்றுக்கு மூன்று என்று தாங்கள் நலிந்திருக்கும் போரில் வென்றபோது யாரும் குறை சொல்லவில்லை! ஆகவே கணக்கை மனித மனத்துக்கு ஏற்றபடி வளைத்தார்கள். ஒரு முறை தோற்றவர் அடுத்ததிலும் தோற்பதைக் குறைத்தார்கள்.

நான் ஏன் இதை ஏற்கவில்லை

"விளையாட்டு மகிழ்வதற்குத்தானே? மகிழ்ச்சிக்காக எண்ணைக் கொஞ்சம் வளைத்தால் என்ன குற்றம்?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. திரைப்படத்தில் கதாநாயகன் மேல் ஒரு குண்டும் படுவதில்லை. நாம் சண்டைக்கா போகிறோம்? புதிதாக ஆடும் சிறுவர்களுக்கு உதவி செய்வதிலும் எனக்கு மறுப்பில்லை. "எளிய நிலையில் உங்களுக்கு உதவி உண்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செய்யட்டும்.

ஆனால் விழுக்காடு என்ற குறியைப் போட்டு ஓர் எண்ணைக் காட்டினால், அது கதை அல்ல, அளவீடு. ஆய்வகத்தில் நான் உங்களிடம் ஒரு வோல்ட் மீட்டரைத் தருகிறேன். உண்மையில் 6 வோல்ட் இருக்க, நீங்கள் விரும்பும் 9-ஐ அது காட்டினால் மகிழ்வீர்களா? தூக்கி எறிவீர்கள். திரையில் தோன்றும் எண்ணுக்கும் அந்த மரியாதையைத் தர வேண்டும்.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. "இரண்டு முறை தவறியது, மூன்றாவது முறை பட்டே தீரும்" என்ற எண்ணம் ஒரு பழைய மயக்கம். கட்டைக்கு நினைவு கிடையாது. முன்பு விழுந்தது என்ன என்று அதற்குத் தெரியாது. இந்த மயக்கத்தைப் போக்க நாங்கள் வகுப்பில் தொண்டை வறளப் பேசுகிறோம். மறைவாகச் சலுகை காட்டும் பொறியோ, அந்த மயக்கத்தையே தன் உலகத்தில் உண்மையாக்கிக் காட்டுகிறது. நாள்தோறும் ஆடும் மாணவன் தன்னை அறியாமலே அதைக் கற்றுக்கொள்கிறான்.

இதில் என்ன கேடு? எங்கள் தெருவில், தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்த இளைஞர் ஒருவர் இருந்தார். கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் விளையாட்டில் பல மாதச் சம்பளத்தை இழந்தார். அவர் என்னிடம் சொன்ன வார்த்தை இன்னும் காதில் ஒலிக்கிறது: "இத்தனை தடவை போயிடுச்சு சார், இனிமே எனக்கு வந்துதான ஆகணும்?" வரவில்லை. அவருடைய மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

இத்தகைய துயரங்கள் பெருகியதால்தான் தமிழகச் சட்டமன்றம் 2022-இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராக மசோதா நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. 2025-இல் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. எக்ஸ்காம் ஆடுகிறவர்கள் எல்லாரும் சூதாடிகள் ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் பணமும் இல்லை, பந்தயமும் இல்லை. ஆனால் தோல்விக்குப் பின் வெற்றி கடனாகத் திரும்பி வரும் என்று பழகிய மனம் ஏமாற்றுகிறவர்களுக்கு எளிய இரை. சட்டம் கடையை மூடலாம். மயக்கத்தை மூட முடியாது. அதைக் கணக்குதான் போக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 1993 செப்டம்பர் 20 அன்று அங்கிருந்து கிளம்பிய முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் தோல்வி அடைந்தது. "ஒரு முறை தோற்றுவிட்டது, அடுத்தது தானாகவே வெல்லும்" என்று விஞ்ஞானிகள் சும்மா இருந்தார்களா? காரணத்தைத் தேடினார்கள், திருத்தினார்கள். 1994 அக்டோபரில் இரண்டாவது ராக்கெட் வென்றது. அந்த வெற்றி அதிர்ஷ்டம் திருப்பிக் கொடுத்த கடன் அல்ல.

நீங்களே விமர்சகர் ஆகுங்கள்

விளையாட்டு விமர்சனங்களைப் படிக்கும்போது காட்சி அழகு, கதை, இசை, ஆடும் சுவை எல்லாம் பேசப்படுவதைக் காண்கிறோம். எல்லாம் வேண்டியவைதாம். முடிவில் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணும் வருகிறது. அதோடு இன்னொரு கேள்வியும் இடம் பெற வேண்டும் என்பது என் கோரிக்கை: "இந்த விளையாட்டு காட்டும் எண் நேர்மையானதா? எண்ணிப் பார்த்தீர்களா?" உணவை விமர்சிப்பவர் ருசியைச் சொல்வதோடு, எடை சரியாக இருந்ததா என்றும் சொல்ல வேண்டாமா?

மற்றவர்கள் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். திரை காட்டும் எண்ணை முதலில் எழுதுங்கள். பட்டதா, தவறியதா என்று அருகில் குறியுங்கள். வெற்றியையும் தோல்வியையும் ஒன்று விடாமல் எழுத வேண்டும். அதுதான் இதில் கடினம். பத்து இருபதோடு நிறுத்தாதீர்கள். சில நூறு குறிகள் சேர்ந்த பிறகே முடிவு சொல்லுங்கள். விளையாட்டுப் பொறி இல்லாதவர்கள் தாயக்கட்டையை உருட்டுங்கள். தாயம் எட்டில் ஒரு பங்கை நெருங்குகிறதா என்று பாருங்கள். நெருங்காவிட்டால் கட்டை தேய்ந்திருக்கலாம். அதுவும் ஒரு கண்டுபிடிப்பே!

என் மருமகன் நோட்டு போட்டான். இரண்டு பக்கம் நிரம்பியதும் என்னிடம் வந்தான். "பாதிக்குப் பாதி தப்புதுன்னு நெனச்சேன் மாமா. நோட்டுல பாத்தா தப்பினது கொஞ்சம்தான்" என்றான். சற்று யோசித்து, "கஷ்டமான நிலையில ஆடி இன்னொரு நோட்டு போடப் போறேன். ரெண்டையும் வச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றான்.

திண்ணையில் தாயம் விழுந்த ஓசையும், அதைத் தொடர்ந்து என் தாயாரின் சிரிப்பும் கேட்டன. அது எத்தனையாவது உருட்டல் என்று அவர் எண்ணவில்லை. பேரன் எண்ணிக் குறித்துக்கொண்டான்.